ஒன்பது கோடு

சாமுவேல் அண்ணனின் வலது கையுறை ஒரு வருஷமாக எங்கள் லேப் பீரோவில் இருக்கிறது. பிளாஸ்டிக் கவரில் போட்டு நம்பர் ஒட்டி வைத்திருக்கிறோம். அமிலத்தில் நனைந்து காய்ந்ததில் தோல் விறைத்துப்போய், உள்ளே இன்னும் கை இருக்கிற மாதிரி மூன்று விரல் மடங்கியே நிற்கும். ஃபேன் ஓடினால் கவர் சரசரக்கும். போன திங்கட்கிழமை வரை அந்தச் சத்தம் என் காதில் விழுந்ததே இல்லை. இப்போது வேறெதுவும் விழுவதில்லை.

ஆம்பூர் பக்கம் இந்தத் தோல் கம்பெனியில் பதினோரு வருஷமாக நான் மைக்ராஸ்கோப் பார்க்கிறேன். அமிலத் தொட்டியில் வேலை செய்கிறவர்களுக்கான கையுறையில் தோலுக்கு மேலே ஒரு பூச்சு உண்டு. அமிலம் கைக்கு இறங்காமல் தடுப்பது அதுதான். குறைந்தது இருநூறு மைக்ரான் இருக்க வேண்டும், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. மெல்லிசாகச் சீவி ஸ்லைடில் வைத்து, கண் வைக்கிற குழாய்க்குள் கீறியிருக்கும் பொடி ஸ்கேலில் எத்தனை கோடு என்று எண்ணுவேன். எங்கள் லேப்பில் யார் வாயிலும் மைக்ரான் வராது. கோடுதான். "எத்தனை கோடு?" என்று மதியழகன் சார் தன் மேஜையிலிருந்தே கேட்பார், நான் சொல்வேன், அவர் பெருக்கி ரிப்போர்ட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவார்.

கீழே இருக்கிற லென்ஸை மாற்றினால் தோல் பெரிதாகத் தெரியும், சிறிதாகத் தெரியும். ஸ்கேல் மட்டும் மாறாது, அசையாமல் அங்கேயே நிற்கும். அதனால் நாலு மடங்கு லென்ஸில் ஒரு கோடு என்றால் இருபத்தைந்து மைக்ரான். பத்து மடங்கு லென்ஸில் அதே கோடு வெறும் பத்து. புதிதாக வேலைக்கு வருகிற பெண்களுக்கு முதல் நாளே இதைச் சொல்லித் தருகிற மகராசி நான்தான். மறந்தால் தோலை உரித்துவிடுவேன் என்று வேறு மிரட்டுவேன்.

அமிலத் தொட்டியில் சாமுவேல் அண்ணன் கை வெந்துபோன பிறகு விசாரணை நடந்தது. லேப் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தார்கள். பூச்சு இருநூற்று இருபத்தைந்து மைக்ரான். கையுறையில் குறை இல்லை, தொழிலாளி அதைச் சரியாக மாட்டவில்லை என்று எழுதி அவரிடமே கையெழுத்து வாங்கினார்கள். தன் கவனக்குறைவு என்று அவரும் நம்பிவிட்டார். ஷூவுக்கு மேல்தோல் தைக்கிற பிரிவில் இருக்கும் அவர் மனைவி ஆரோக்கியமேரி இன்றைக்கும் சாப்பாட்டு நேரத்தில் சொல்லிச் சொல்லித் திட்டுவாள். "மாட்டறத ஒயுங்கா மாட்டத் தெரியாத ஆளு. எல்லாம் அவசரம்." அண்ணனை கேட்டில் வாட்ச்மேனாகப் போட்டார்கள். இடது கையால் எழுதக் கற்றுக்கொண்டார். காலையில் நான் உள்ளே நுழையும்போது, "ஒம்போதுக்கு இன்னும் நாலு நிமிசம் கீது பாக்யா, மெதுவா போ," என்பார். தினமும் இதே பேச்சுதான்.

திங்கட்கிழமை, வருஷம் முடிந்த ஸ்லைடுகளைக் கழித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கையுறை லாட்டின் ஸ்லைடு கையில் வந்தது. என்ன புத்தியோ, குப்பையில் போடாமல் நாலு மடங்கு லென்ஸில் வைத்துப் பார்த்தேன். பூச்சு நாலு கோடுகூட இல்லை. ஸ்லைடு மாறிவிட்டது என்று நினைத்தேன். நம்பரைப் பார்த்தேன், சரியாக இருந்தது. லென்ஸைத் திருப்பிப் பத்தில் வைத்தேன். ஒன்பது கோடு.

அந்த லாட்டைச் சோதித்த அன்றைக்கு நடந்தது அப்படியே வந்து நின்றது. வேறொரு தோலில் ஊசித் துளை தேடப் பத்து மடங்கு லென்ஸைப் போட்டிருந்தேன். கையுறை லாட்டுக்காக லாரி நிற்கிறது என்று போன் வந்துகொண்டே இருந்தது. திருப்பாமலேயே கையுறை ஸ்லைடை வைத்து எண்ணினேன். "எத்தனை கோடு?" "ஒம்போது சார்." கையுறை என்றால் எப்போதும் நாலு மடங்குதான், அதனால் அவர் இருபத்தைந்தால் பெருக்கினார். உண்மையில் இருந்தது தொண்ணூறு. பாதிகூட இல்லை.

அப்போதும் மனசு ஒப்பவில்லை. பீரோவைத் திறந்து கவரைப் பிரித்தேன். கட்டைவிரல் ஓரத்தில் பிளேடு வைத்தபோது என் கையே கூசியது. அதிலும் அதே அளவு.

மதியழகன் சாரிடம் சொன்னேன். பேனா மூடியைத் திருகி மூடினார்.

"அந்த லாட்டே முடிஞ்சி போச்சிம்மா. இப்ப கெளப்புனா உன் வேலையும் போவும், என் வேலையும் போவும். அவனுக்கு வெரலு பழையபடி வரப்போவுதா?"

"வராது சார்."

"வருஷம் ஆயிடுச்சி, கையுறய அழிக்க சம்மதம்னு வெள்ளிக்கெழம அவன் வந்து கையெழுத்து போடுவான். கையுற, ஸ்லைடு எல்லாத்தயும் எரிச்சிடலாம். பேஜார் உட்டுது."

நான்கு நாளாகக் கண்ணை மூடினாலும் அந்த ஸ்கேல் போகவில்லை. பஸ்ஸில் முன்சீட்டுக்காரர் பிடரியில் நிற்கிறது, தட்டில் சோற்றுப் பருக்கை மேல் நிற்கிறது. என் மகள் பாரதி தூங்கும்போது அவள் விரல் மேலும் வந்து நின்றது. எண்ணக் கூடாது என்று நினைத்தேன், எண்ணினேன். பயமாக இருந்தது. வேலை போய்விடும் என்கிற பயமும் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? காலையில் கேட்டில் அவர் "ஒம்போதுக்கு" என்று ஆரம்பிக்கும்போதே செருப்பு மாட்டுவதுபோல் குனிந்து போய்விடுவேன்.

இன்று வெள்ளிக்கிழமை. அண்ணன் படிவத்தோடு வந்தார். மதியழகன் சார் தன் மேஜையில் தலை நிமிராமல் இருந்தார். கையுறையைக் கவரிலிருந்து எடுத்து மேஜையில் வைத்து, அந்த ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் ஏற்றினேன். அண்ணன் அதைப் பார்க்காமல் இடது கையில் பேனாவை எடுத்தார்.

"எங்க போடணும்?"

"போடறதுக்கு முன்ன இதுல பாருங்கண்ணா."

"நான் இன்னாத்த பாக்கறது? எனக்கு இன்னா தெரியும்?"

"அந்தக் கருப்புப் பட்ட தான் உங்க கையுறை பூச்சு. எத்தினி கோடு கீதுன்னு எண்ணுங்க."

ஒரு கண்ணை இறுக்க மூடிக்கொண்டு குனிந்தார். உதடு அசைந்தது. "ஒம்போது."

லென்ஸைத் திருப்பினேன். கிளிக்கென்றது. "இப்ப?"

"இது இன்னா, சின்னதா ஆயிடுச்சி. மூணு... மூணர. நாலு வரல."

"இந்த லென்ஸ்ல எட்டு வரணும்ணா. எட்டு வந்தாதான் பாஸ். நான் அந்தப் பெரிய லென்ஸ்ல பாத்துட்டு ஒம்போதுன்னு சொல்லிட்டேன். பூச்சு பாதிகூட இல்ல. தப்பு என்னுது."

மதியழகன் சாரின் நாற்காலி கிறீச்சிட்டது.

அண்ணன் தலையைத் தூக்கவில்லை. கண் குழாயிலேயே இருந்தது.

"அப்ப நான் சரியாத்தான் மாட்டிகினு இருந்தனா?"

"சரியாத்தான் மாட்டிகினு இருந்தீங்க."

மடங்கிய வலது கையை மேஜை மேல் வைத்தார். பக்கத்திலேயே கையுறை கிடந்தது. இரண்டிலும் அதே மூன்று விரல், அதே மடிப்பு. பேனா உருண்டு கீழே விழுந்தது. யாரும் குனிந்து எடுக்கவில்லை. ஃபேன் காற்றில் வெறும் கவர் சரசரத்தது.

"இன்னொரு தபா திருப்பு," என்றார். திருப்பினேன்.

"ஒண்ணு," என்று முதலிலிருந்து எண்ணத் தொடங்கினார்.