சரிபார்த்தவர்

மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தில் அவளுக்குப் பதினோரு வருஷ சர்வீஸ். ஆறு பேர் இருந்த பிரிவில் இப்போது அவள் ஒருத்திதான். விண்ணப்பத்தைப் படிப்பதும் மறுப்புக் கடிதம் எழுதுவதும் ஏஐ. கடிதத்தின் அடியில் 'சரிபார்த்தவர்' என்று அவள் பெயர் வரும். அதற்கு அவள் பொத்தானை அழுத்த வேண்டும், ஒரு நாளைக்கு நானூறு தடவை. ஆரம்பத்தில் வரிவரியாகப் படித்தாள். நாற்பதுதான் முடிந்தது. மேனேஜர் முகம் சுளித்தார். பிறகு படிப்பதை விட்டுவிட்டாள். அப்படியே இரண்டு வருஷம் ஓடியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நாத்தனார் வந்தாள். கையில் கடிதம்.

"அண்ணி, இது உங்க பேருதானே?"

நாத்தனார் மகளுக்கு முதுகெலும்பில் அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும். அவசியமில்லை என்று மறுத்திருந்தது கடிதம். 'உங்கள் வேதனையை உணர்கிறோம்' என்று தேன் வேறு தடவியிருந்தது.

"நான் இதைப் படிக்கலம்மா."

"படிக்காமலா பேரைப் போட்டீங்க? உங்க மடியில வளர்ந்த பிள்ளை அண்ணி அவ!"

கணவன் எழுந்து உள்ளே போய்விட்டான்.

மறுநாள் மேனேஜரிடம் போனாள்.

"மேல்முறையீடு பண்ணச் சொல்லுங்க" என்றார்.

"அதையும் ஏஐதானே படிக்கும்?"

"கடைசியில நீங்க பார்ப்பீங்கல்ல?"

"நான் எதையுமே பார்க்கல சார். எழுதியே கொடுக்கிறேன்."

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். "தினமும் காலையில 'எல்லாத்தையும் படிப்பேன்'னு டிக் பண்ணியிருக்கீங்க. இப்ப இல்லைன்னா, போன கடிதம் அத்தனைக்கும் நீங்கதான் பொறுப்பு. வேலையை விட்டாலும் அது உங்களை விடாது."

"படிக்க நேரம் கொடுத்தீங்களா?"

"படிக்காதீங்கன்னு யாராவது சொன்னோமா?"

அவள் தன் இடத்துக்கு வந்து, எதையும் படிக்காமல்தான் பொத்தானை அழுத்தினேன் என்று ஒரு வெள்ளைத் தாளில் கையாலேயே எழுதிக் கொடுத்தாள். கம்ப்யூட்டரில் அடித்தால் ஏஐ திருத்திவிடும்.

ஒரே வாரத்தில் சிகிச்சைக்கு அனுமதி வந்தது. "தேதி கிடைச்சிருச்சு" என்று மட்டும் சொல்லி நாத்தனார் ஃபோனை வைத்துவிட்டாள்.

அவளை வேலையை விட்டு நீக்கவில்லை. ஜன்னலில்லாத ஓர் அறைக்கு மாற்றினார்கள். இரண்டு வருஷக் கடிதங்கள், ஒன்றே முக்கால் லட்சம். ஒவ்வொன்றையும் அவளே படித்து, தவறானதைக் குறிக்க வேண்டும். குறித்தால் குற்றம் அவள் தலையில். மறைத்தால் எங்கோ ஒருவருக்கு வைத்தியம் இல்லை. இருதலைக் கொள்ளி எறும்பின் கதைதான்.

முதல் நாள் முப்பத்தொன்று படித்தாள். ஏழு தவறு. ஏழையும் குறித்தாள். ஏழாவது, இதய வால்வு மாற்றக் கேட்டிருந்த ஒரு பெரியவருடையது. விண்ணப்பத்திலிருந்த எண்ணுக்கு ஃபோன் போட்டாள்.

ஒரு பெண் எடுத்தாள். "அப்பாவா? அவர் போய் ஒன்றரை வருஷமாச்சே. நீங்க யாரு?"

வைத்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். பிறகு தன் பெயரைச் சொன்னாள்.