நான் மைக்கில் புதைத்தவள்

…செத்தவள் எப்படிக் கதவைத் திறப்பாள், அதைத்தான் நானும் யோசித்துக்கொண்டிருந்தேன், யோசித்து ஏதாவது சொல்வதற்குள் கரண்ட் போய்விட்டது, திரை கறுத்துவிட்டது, மைக்குக்கும் உயிர் போய்விட்டது, தகரக் கூரையில் மழை மட்டும் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறது. நல்லதாய்ப் போயிற்று என்றுதான் முதலில் நினைத்தேன். கொட்டகைக்காரர் ஜெனரேட்டரை யாரோ ஒருவர் வீட்டு நிச்சயதார்த்தத்துக்குக் கொடுத்துவிட்டார், அது இன்றைக்குத் திரும்பி வருகிற மாதிரி இல்லை, எங்கள் பேட்டை ப்வாயிஸே முழுக்கச் சேறு, வெளியே போக ஒருவருக்கும் மனமில்லை, பெஞ்சுகளில் அப்படியே உட்கார்ந்து நிலக்கடலை தின்கிறார்கள். தின்றுவிட்டுச் சும்மா இருக்கக் கூடாதா? படம் ஓடும்போது ஒருவரும் கேள்வி கேட்பதில்லை, ஏனென்றால் நான் கேட்க விடுவதில்லை, திரையில் வெள்ளைக்காரன் இங்கிலீஷில் ஒரு வார்த்தை சொன்னால் நான் லுகாண்டாவில் பத்து வார்த்தை சொல்லி இடைவெளியை அடைத்துவிடுவேன், விஜே லுபோவா என்கிற எனக்கு அதற்குத்தான் பேர். குரல் நின்றதும் ஜனங்களுக்கு மூளை வேலை செய்ய ஆரம்பித்துவிடுகிறது. பகல் வெளிச்சம் தகரத்தின் ஆணி ஓட்டைகள் வழியாக உள்ளே வருகிறது, அந்த வெளிச்சத்தில் எல்லோருடைய முகமும் தெரிகிறது, எல்லோரும் சண்டைக்குத் தயாராக இருக்கிறார்கள்.

மோட்டார் சைக்கிளில் ஆள் ஏற்றிப் ‘போடா’ ஓட்டும் முகீபிதான் ஆரம்பித்தான், அவன் எப்போதும் ஆரம்பிப்பவன். “ஏன்யா, நட்சத்திரத்துலேர்ந்து இம்மாந்தூரம் வரத் தெரிஞ்சவனுக்கு ஒரு மரக்கதவத் தொறக்கத் தெரியலையா? ஓட்டைக் கப்பல்ல வந்திருப்பானோ?” என்றான். சந்தையில் தக்காளி விற்கிற நலூலே முன்பெஞ்சில் இருந்து திரும்பாமலே பதில் சொன்னாள், “அத விடு, ஊருக்கே கரண்ட் இல்ல, அந்த ஹீரோ புரொபசர் போன்ல மட்டும் எப்பவும் சார்ஜ் இருக்கு. எனக்கு அந்த போன் ஒண்ணு வாங்கிக் குடு.” ஒரே சிரிப்பு. “அவனுங்க ஏன் எப்பப் பார்த்தாலும் அமெரிக்காவுலயே எறங்குறானுங்க?” “இங்க எறங்கினா போடாக்காரங்க நீங்கல்லாம் மொய்ச்சுக்குவீங்களே, ‘செபோ, ஐயா, எங்க போகணும், வாங்க, வாங்க’ன்னு, கப்பல்லேர்ந்து கால எடுத்துக் கீழ வைக்க விடுவீங்களா?” நானும் சிரித்தேன், இப்படியே போன், கதவு, கப்பல் என்று பேசிக்கொண்டே போனால் பிழைத்தேன், செத்துப்போன அந்தப் பெண் பக்கம் மட்டும் போகாமல் இருக்க வேண்டும்… போனார்கள். எப்படிப் போகாமல் இருப்பார்கள்? “அதெல்லாம் இருக்கட்டும்,” என்றாள் நலூலே, “அந்த மனுஷன் கையாலயே பொதைச்சானே பொண்டாட்டிய, நான் அழுத அழுக உங்களுக்குத் தெரியாது, இப்ப அவ மலைக்குகையில வந்து கதவத் தொறக்குறா. எப்படி?”

எப்படி என்றால், நான் புதைத்தேன். அவன் புதைக்கவில்லை. டிஸ்க் இன்று காலையில்தான் கைக்கு வந்தது, முழுசாகப் போட்டுப் பார்க்க நேரமில்லை, பார்க்காமலே மைக் பிடிப்பது எனக்கு ஒன்றும் புதிதில்லை, வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று இத்தனை வருஷம் பிழைத்துவிட்டேன். நகரம் எரிகிறது, மனைவியைக் காணோம், புரொபசர் மண்டியிட்டு இரண்டு கையாலும் மண்ணைத் தோண்டி எதையோ உள்ளே வைத்து மூடுகிறான், வயலின் அழுகிறது, இதற்கு வேறென்ன அர்த்தம் இருக்க முடியும்? “ஐயோ, என் கண்ணே, இந்தக் கையாலயே உன்னப் பொதைக்கிறேனே” என்று நான் குரலை உடைத்தேன், பெண்கள் மேல்துணியை எடுத்துக் கண்ணைத் துடைத்தார்கள். அவன் புதைத்தது அவளுடைய செருப்போ, சால்வையோ, என்ன எழவோ. “அவ்வளவு சின்னக் குழியில முழுசா ஒரு பொம்பளய எப்படிப் பொதைச்சான்?” என்று முகீபி இப்போது கேட்கிறான், கையால் குழியின் அளவையும் காட்டுகிறான், பாவி, ஒரு கோழியைப் புதைக்கிற அளவு. நுணலும் தன் வாயால் கெடும். ஆனால் அவர்கள் யாரும் என்னைக் குறை சொல்லவில்லை, படமெடுத்தவனைத்தான் திட்டுகிறார்கள், “இவ்வளவு காசக் கொட்டி எடுக்குறானுங்க, ஒரு பொணத்த ஒழுங்காப் பாத்துக்கத் தெரியல” என்கிறார்கள், நானும் “ஆமா, ஆமா” என்று தலையாட்டினேன்.

இதோடு முடிந்திருக்கும். முகீபி தொண்டையைச் செருமிக்கொண்டு, “கலெர்வேல செக்கிம்பி கொட்டகைல இதே படம் போன வாரமே ஓடிச்சு, அங்க அவ சாகல,” என்றான். செக்கிம்பி. அங்கே மைக் பிடிக்கிற விஜே, அந்தப் பேரை என் கொட்டகைக்குள் சொல்லலாமா? கத்த மாட்டான் அவன், அதுதான் அவனுடைய வித்தை, குரலில் நெய் தடவிக்கொண்டு காதுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிற மாதிரி சொல்வான், நடுநடுவே சும்மா இருப்பான், மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பதற்கு ஒரு கூட்டம், அதிலும் பெண்கள் கூட்டம், துணிக்கடை மாதிரி. “அங்க ஒரு விமானி அவளத் தன் விமானத்துல ஏத்திக் காப்பாத்திடுறான்,” என்றான் முகீபி. “விமானம் இல்ல, சரக்கு லாரி,” என்றது என் முதுகுப் பக்கம் ஒரு குரல்.

நன்டூமேயின் குரல். என் மனைவி. வாசலோரம் அடுப்பு வைத்துக் கடலை வறுக்கிறவள், இரட்டைப் பிள்ளைகளைப் பெற்றதிலிருந்து ஊருக்கெல்லாம் அவள் நலோங்கோ, இரட்டையரின் அம்மா, நான் சலோங்கோ, அப்பா, எங்களுக்குள்ளும் அதுதான் பேர். சொல்லிவிட்டு அவள் நிமிரக்கூட இல்லை, காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டிக் கடலையை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். “அதானே, லாரிதான், நலோங்கோ சொல்றது சரி,” என்றான் முகீபி. அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை. யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. லாரி என்று இவளுக்கு எப்படித் தெரியும்?

யாராவது சொல்லியிருக்கலாம், கடலை வாங்க வருகிற பெண்கள் படக்கதை பேசாமல் இருப்பார்களா, பேசுவார்கள்… ஆனால் கேட்டுத் தெரிந்துகொண்டவள் “லாரின்னு சொன்னாங்களே” என்பாள், இவள் ‘லாரி’ என்றாள், பார்த்தவள் சொல்கிற மாதிரி. சனிக்கிழமைகளில் நன்சானாவில் அக்கா வீட்டுக்குப் போகிறாள். அக்காவுக்குக் கால் முடியவில்லை. நன்சானா முழுக்கச் செம்மண், போன சனிக்கிழமை இவள் செருப்பில் ஒட்டியிருந்தது கறுப்புச் சேறு, கலெர்வே வாய்க்கால் ஓரத்துச் சேறு, நான்தான் அந்தச் செருப்பைக் கழுவி வைத்தேன், கழுவும்போதே கறுப்பு என்று பார்த்தேன், பார்த்துவிட்டுப் பேசாமல் தண்ணீர் ஊற்றினேன். படத்தில் ஓட்டை என்று கொட்டகையே கத்துகிறது, என் வீட்டுக்குள் இவ்வளவு பெரிய ஓட்டை, நான் விரலால் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எந்த பெஞ்சில் உட்கார்ந்தாள்? சிரித்தாளா? என் படத்துக்கு அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று, இஞ்சியும் தேனும் போட்டுத் தேநீர் கொடுக்கிறாள், தொண்டைக்கு நல்லது என்கிறாள், அதெல்லாம் சரி, சிரித்தாளா? போன மாதம் ஒருநாள், “சலோங்கோ, கொஞ்சம் மெதுவாச் சொல்லேன், நடுவுல மூச்சு விடு, அவங்க மொகத்தையும் ஜனங்க பாக்கட்டுமே” என்றாள், அப்போது என்மேல் அக்கறை என்று நினைத்தேன், மடையன், மூச்சு விடுவது யாருடைய வித்தை என்று இப்போதல்லவா தெரிகிறது! அவன் மூச்சைக் கேட்டுவிட்டு வந்து என்னை மூச்சு விடச் சொல்லியிருக்கிறாள். எனக்குப் பொறாமையா? பொறாமைதான், அதற்கு வேறு பேர் எதற்கு, அந்த நெய்க்குரலை ஒரு கல்லால் அடைக்க வேண்டும் போல் இருக்கிறது. திரும்பிப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். “என்ன?” என்றாள். “ஒண்ணுமில்ல, கடல,” என்றேன். ஒரு கூம்பு கொடுத்தாள், சூடாக இருந்தது, வாயில் போட்டேன், மண்ணாக இருந்தது.

கரண்ட் வந்துவிட்டது. எல்லோரும் ஓவென்று கத்தினார்கள், திரை வெளுத்து, நடுங்கி, விட்ட இடத்திலிருந்து ஓட ஆரம்பித்தது. குகை வாசலில் அந்தப் பெண் நிற்கிறாள், தலைமுடியெல்லாம் தூசி, புரொபசர் கையிலிருந்த விளக்கைக் கீழே போடுகிறான். “எப்படி வந்தாள்னு சொல்லு, சலோங்கோ!” என்று முகீபி கத்தினான், “பொதைச்சவள எழுப்பு பாக்கலாம்!” என்றாள் நலூலே, பெஞ்சுகள் முழுக்கச் சிரிப்பு, ஆனால் காது முழுக்க என் பக்கம். லாரி என்று சொல்லலாம், சொன்னால் செக்கிம்பியின் எச்சில். பேய் என்று சொல்லலாம், எதிர்ப்பெஞ்சில் இருக்கிற பாதிரியாரின் மச்சான் எழுந்து போய்விடுவான். புரொபசர் வாய் அசைந்தது, அவனுக்கு என்னிடம் எப்போதும் வார்த்தை உண்டு, “நீயா? நீதானா? எங்கேர்ந்து வர்ற? உன்ன யார் கூட்டி வந்தா?” என்று கேட்டேன், திரையில் இருக்கிறவனுக்காகத்தான் கேட்டேன், ஆனால் என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல் நடுங்கியது. அவன் பேசி முடித்தான். இனி அவள் பேச வேண்டும். அவளுக்கும் நான்தான் பேச வேண்டும். அவள் உதடு திறந்தது, என்னிடம் ஒரு சொல் இல்லை, இத்தனை வருஷத்தில் எந்த வாய்க்கும் நான் சொல் இல்லாமல் நின்றதில்லை…

“நான் செத்தேன்னு யார் சொன்னா?” என்றது பின்னாலிருந்து ஒரு குரல், மெதுவாக, அடுப்பு இருக்கிற பக்கத்திலிருந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. நான் அப்படியே மைக்கில் சொன்னேன். அவள் சொல்லி நிறுத்திய இடத்தில் திரையில் இருப்பவள் உதடு மூடியது. “யாரும் சொல்லல. நீயா சொல்லிக்கிட்ட.” சொன்னேன். அங்கே ஒரு மூச்சு, நன்டூமேயும் நிறுத்தினாள், திரையில் இருப்பவளும் நிறுத்தினாள், நானும் வேறு வழியில்லாமல் நிறுத்தினேன். “ஒரு தடவ பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பாத்தியா?” சொன்னேன். “உடனே குழி தோண்டிட்ட.”

நலூலே மேல்துணியை மறுபடி எடுத்தாள். பிறகு ஒருத்தன் கைதட்டினான், எல்லோரும் தட்டினார்கள், பெஞ்சுகள் அதிர்ந்தன, செருப்போ சால்வையோ, அந்தச் சின்னக் குழியை எல்லோரும் மறந்துவிட்டார்கள், “அப்படிக் கேளுடி!” என்றாள் யாரோ ஒருத்தி. எனக்கு உடம்பு கொதித்தது. ஒரு தடவை பார்த்தவளுக்கு இந்த உதடு பிடிபடாது, எங்கே மூச்சு, எங்கே சொல் என்று தெரிய வேண்டுமானால் இரண்டு தடவை, மூன்று தடவை பார்த்திருக்க வேண்டும், அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து அவன் வார்த்தையை மனப்பாடம் செய்திருக்க வேண்டும், அதை எடுத்துவந்து எனக்குப் பிச்சை போடுகிறாள், நானும் ஊர் பார்க்க வாங்கித் தின்கிறேன். முகீபி பெஞ்சைத் தாண்டி என் பக்கம் சாய்ந்தான். “பிரமாதம், சலோங்கோ. செக்கிம்பி இந்த எடத்துல ஒண்ணுமே சொல்லலையே, தெரியுமா? பேசாம வுட்டுட்டான். அவ வாய் மட்டும் ஆடிக்கிட்டே இருந்துச்சு, என்ன சொல்றான்னு எங்களுக்குக் கடைசி வரைக்கும் தெரியல.”

திரும்பிப் பார்த்தேன். நலோங்கோ அடுப்பில் கரி தள்ளிக்கொண்டிருந்தாள், என்னைப் பார்க்கவில்லை. அப்படியானால் அவன் வார்த்தை இல்லை… அப்படியானால் யாருடையது? எந்தச் சனிக்கிழமை, எந்த பெஞ்சில் உட்கார்ந்து, சத்தமில்லாத அந்த வாயைப் பார்த்துக்கொண்டே இதைச் சேர்த்து வைத்தாள்? யாருக்குச் சொல்ல? நான் எத்தனை நாளாக அவளை நன்டூமே என்று பேர் சொல்லிக் கூப்பிடவில்லை? பொறாமை அப்படியேதான் இருந்தது, ஆனால் அது யார்மேல் என்று எனக்கே இப்போது சரியாகச் சொல்லத் தெரியவில்லை. புரொபசர் அழுதுகொண்டிருந்தான், அவனுக்காக நானும் கொஞ்சம் அழுது வைத்தேன். திரையில் அந்தப் பெண் மறுபடி வாய் திறந்தாள். நான் மைக்கைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு, வாசல் பக்கம் காதைத் திருப்பினேன்.