கார்டில் ஒரே ஓர் எழுத்து

கல்யாண கார்டை வெளியில் கொடுத்து அடிக்கலாம் என்று என் மகள் தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். நானும் என் மச்சானும், அதாவது என் மனைவியின் தம்பி, நடத்துகிற அச்சகத்தில் வேலையைவிட வாக்குவாதம்தான் அதிகமாம். இந்த ஒரு கார்டிலாவது தப்பே இருக்காது என்று அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

எங்களிடம் எந்தக் கார்டையும் புதிதாக டைப் செய்யும் வழக்கம் கிடையாது. போன வாரக் கார்டைக் கம்ப்யூட்டரில் திறந்து, தேதி, இடம், மாப்பிள்ளை, பெண் என்று மேலிருந்து கீழாக மாற்றிக்கொண்டே வருவோம். மச்சான் மாப்பிள்ளை பெயரை மாற்றி முடித்த நேரம் பார்த்து, என் கண் கடைசி வரியில் விழுந்து தொலைத்தது. 'வித் பெஸ்ட் காம்ப்ளிமென்ட்ஸ்.' அந்தக் கடைசி இங்கிலீஷ் வார்த்தையில் எல்லுக்கு அடுத்து ஈ இருந்தது. ஐ போட்டால்தான் வாழ்த்து, ஈ போட்டால் குறையை நிரப்புகிற சமாச்சாரம் என்றேன். போன வாரம் இதே ஈயோடுதான் அடித்தோம், அந்தக் கல்யாணம் என்ன நின்றா போயிற்று என்றான் மச்சான்.

அகராதியைப் பார்ப்பது எங்கள் இருவருக்கும் மானப் பிரச்சினை. வருகிறவர்களைத்தான் கேட்போம். பில் புத்தகம் வாங்க வந்த பல் டாக்டர் ஐ என்றார். தபால்காரர் ஈ என்றார். மூன்று நாள் இழுத்து, நான்காம் நாள் டியூஷன் டீச்சர் என் பக்கம் சாய்ந்தார். மச்சான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அந்த எழுத்தை மாற்றி, ஐந்நூறு கார்டையும் அடித்துத் தள்ளினான். நான் கட்டுக்கட்டாக எடுத்து ஐயைச் சரிபார்த்தேன்.

சம்பந்தி வீட்டார் கார்டு வாங்க வருவதற்கு அரை மணி முன்னால் மகள் வந்தாள். பெருமையாகக் கடைசி வரியைக் காட்டினேன். அவள் நடுவில் பார்த்தாள்.

"அவருக்கு வேற யாரையோ கட்டி வைக்கிறீங்களேப்பா."

மாப்பிள்ளை பெயருக்குக் கீழே போன வாரக் கல்யாணப் பெண்ணின் பெயர். மச்சான் கார்டை வாங்கி நிதானமாகப் படித்துவிட்டு, ஐ சரியாகத்தான் இருக்கிறது என்றான்.

"நாலு நாளா இத்தனை பேர் பாத்தீங்க. ஒருத்தருக்குக்கூட என் பேரைத் தேடத் தோணலையா?"

அவள் கண் கலங்கிவிட்டது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. மச்சான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். நான் அவள் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொல்ல அடித்தான்.

சம்பந்தி வாசலில் செருப்பைக் கழற்றியபோது பதினொரு கார்டுதான் தயாராகியிருந்தது. பதினொன்றிலும் என் மகள் இருந்தாள்.