பன்னீர்ச் செம்பு

பிரெஞ்சுப் புரட்சி நடத்தினால் என் வகுப்பில் ஒரு பிள்ளை இருமாது. பதினெட்டு வருடமாக ரெட்டியார்பாளையத்துப் பெண்கள் பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். குருமார், பிரபுக்கள், பாக்கி சனங்கள் என்று கரும்பலகையில் மூன்று கட்டம் போடுவேன். மேலே இருந்த இரண்டு கூட்டத்தையும் கீழே இருந்தவர்கள் சுமந்த கதையைச் சொல்லும்போது என் குரல் தானாக உயரும். அந்தப் பெருமையில்தான் ஒன்பதாம் வகுப்புக்கு அப்படியொரு வீட்டுப்பாடம் கொடுத்தேன்.

"நம்ம பள்ளிக்கூடத்துலயும் மூணு கட்டம் இருக்குதான்னு பாத்து எழுதிட்டு வாங்க."

தலைமையாசிரியை, ஆசிரியர்கள், மாணவிகள் என்று எழுதுவார்கள், சிரித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். எல்லோரும் அப்படித்தான் எழுதியிருந்தார்கள், மேனகாவைத் தவிர.

'முதல் கட்டம்: ஆண்டு விழாவில் பட்டுப்பாவாடை கட்டி வாசலில் பன்னீர் தெளிப்பவர்கள். இரண்டாம் கட்டம்: மேடையில் ஆடுபவர்கள். மூன்றாம் கட்டம்: சேவைக் குழு. நாற்காலி தூக்குவோம், குடம் சுமப்போம், டம்ளர் கழுவுவோம். இந்த வகுப்பில் ஆறு பேர். ஆறு பேரும் மூடிய மில்லுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் தெருக்காரர்கள்.'

சேவைக் குழு நான் ஆரம்பித்தது. எனக்குச் சுருக்கென்றது. அவளை எல்லோர் முன்னாலும் எழுப்பி நிறுத்தினேன்.

"ஏம்மா, அடுத்தவங்களுக்கு சேவை செய்யறது அவ்ளோ கேவலமா உனக்கு?"

"கேவலம்னு எழுதல மிஸ். ஏன் எப்பவும் நாங்களேன்னுதான்..."

"இஷ்டப்பட்டுத்தான சேந்தீங்க?"

"நீங்க கை காட்டுனீங்க. வந்தோம்."

"பன்னீர் தெளிக்க ஆசைன்னா கேக்க வேண்டியதுதான? வாயில என்ன கொழுக்கட்டையா?"

"ஆறாவதுல கேட்டேன் மிஸ். அம்மா பாவாடைகூட எடுத்துட்டாங்க. பாக்கலாம்னு சொன்னீங்க."

எனக்கு ஞாபகமே இல்லை. அவளுக்கு மூன்று வருடமாக இருந்திருக்கிறது.

அதற்கு மேல் என்ன அதட்டுவது? வருடா வருடம் வாசலுக்கு யாரை நிறுத்தினேன் என்று யோசித்தேன். சிவப்பாக, லட்சணமாக, 'நல்ல வீட்டுப் பிள்ளையாக' என்று பார்த்திருக்கிறேன். சாதி பார்த்ததில்லை என்று கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்வேன். பார்க்காமலேயே அவ்வளவு சரியாகக் கை காட்டியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. பலகையில் நான் போட்ட மூன்று கட்டத்தைத் திரும்பிப் பார்க்க முடியவில்லை.

"வெள்ளிக்கிழமை விழாவுக்குப் பன்னீர்ச் செம்பு நீதான் புடிக்கற," என்றேன், பெரிய மனசு பண்ணியவளைப் போல.

"வேணாம் மிஸ். நாற்காலி தூக்க இந்த தடவ யாரு வராங்க?"

நியாயமான கேள்வி. முதல் பெஞ்சில் பூர்ணிமாவும் சுமலதாவும் இருந்தார்கள், போன வருடம் பன்னீர் தெளித்தவர்கள். இன்று இவர்களைத்தான் கூப்பிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

"நாற்காலிக்கு..." என்று கையைத் தூக்கினேன்.

பேரைச் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் பின் பெஞ்சுகளில் ஐந்து பேர் எழுந்து நின்றார்கள்.

மேனகா முன்பே நின்றுகொண்டிருந்தாள். அவளை உட்காரச் சொல்ல நான் மறந்துபோயிருந்தேன்.