மரம் இல்லாத சோபா

தேவகிருபைக்கு ஆம்பூர் ஷூ கம்பெனியில், ஷூவுக்குள் பாதம் படுகிற இடத்துக்கு ஃபோம் ஒட்டுகிற வேலை. குவைத்தில் லாரி ஓட்டிய அவள் கணவன் ஏசுராஜ், மூன்று வருஷம் கழித்து 1984 கிறிஸ்துமஸுக்கு வருவதாகக் கடிதம் போட்டான். லாரி சீட்டிலேயே உட்கார்ந்து இடுப்பு போய்விட்டதாம். அவன் பக்கத்தில் உட்கார எத்தனை நாள் ஏங்கினாளோ, பாருங்கள் கண்ணுகளா, மரச்சட்டமே இல்லாமல், கம்பெனியில் கழித்த ஃபோமை மட்டும் வைத்து ஒரு சோபா தைத்துவிட்டாள். ஷூவுக்குச் செய்வதுபோலவே கீழே கெட்டி ஃபோம், மேலே மிருதுவான ஃபோம். கெட்டி இல்லாவிட்டால் ஆள் தரைக்கு அமுங்கிவிடுவான். ஏசுராஜ் எண்பது கிலோ. அந்த எடைக்கு, தோல் பதப்படுத்தப் போடுகிற உப்பை மூட்டை கட்டி ஏற்றிப் பார்த்துத்தான் கெட்டி ஃபோமை மூன்று அடுக்காக ஒட்டினாள்.

ஏசுராஜ் வந்தான், உட்கார்ந்தான். சோபா அமுங்கவே இல்லை.

"இன்னா கிருபை, பாறை மேல உக்கார வெச்சிட்ட?" என்று சிரித்தான்.

அவள் சிரிக்கவில்லை. சட்டைக்குள் அவன் பாதி ஆளாக இருந்தான்.

"நல்லா சாப்புடறேன்னு எழுதினீங்களே?"

"காமாலை வந்துச்சு. எழுதினா நீ அழுவ."

தேவகிருபை கத்தரிக்கோலால் தையலைப் பிரித்தாள். கெட்டி ஃபோமில் இரண்டு அடுக்கை உரித்தெடுத்துவிட்டு, "இப்ப உக்காருங்க" என்றாள்.

இப்போது ஃபோம் இதமாக அமுங்கி அவனைத் தாங்கியது. பக்கத்தில் அவளும் உட்கார்ந்தாள். அவள் பாரத்துக்கு அந்தப் பக்கம் ஜாஸ்தி இறங்கிவிட, ஏசுராஜ் சரிந்து அவள் தோளில் சாய்ந்தான்.

"ஏய், கோணலாயிடுச்சு."

"ஆவட்டும். அப்படியே இருங்க."