சூட்டு ஒத்தடம்

தப்பு என்னுடையது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாரும் என்னைத் தேற்ற வர வேண்டாம், எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் தங்கைக்குப் பிறந்ததிலிருந்தே வலது காலில் இறுக்கம். தினமும் விடிந்ததும் துணியை இஸ்திரிப் பெட்டியால் சூடாக்கி ஒத்தடம் கொடுத்து, அரை மணி நேரம் நீவிவிடுவேன். சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள் நான். எவ்வளவு சூடு தாங்கும் என்று கைக்கே தெரியும். அதன் பிறகுதான் அவள் ஓடப் போவாள். மாற்றுத்திறனாளிகளுக்கான இருநூறு மீட்டரில் நாட்டிலேயே அவளை மிஞ்ச ஆளில்லை.

வெளிநாட்டுப் போட்டிக்குப் போவதென்றால், முதலில் மருத்துவக் குழு காலைச் சோதித்து எந்தப் பிரிவு என்று சொல்ல வேண்டும். இறுக்கம் ஓர் அளவுக்குக் கீழே இருந்தால் எந்தப் பிரிவும் கிடையாது, வீட்டுக்குப் போக வேண்டியதுதான். கோச் போனில் சொன்னார்: "புதுசா ஒண்ணும் பண்ணாதீங்க. எப்பவும் போல கூட்டிட்டு வாங்க."

எப்பவும் போலவாவது செய்தேனா? பெரிய மனிதர்கள் முன்னால் என் தங்கை காலை இழுத்துக்கொண்டு நிற்கக் கூடாதே என்று, அன்று ஒரு மணி நேரம் நீவித் தொலைத்தேன்.

"போதும்க்கா, கால் கையோட வந்துடப் போகுது" என்று சிரித்தாள்.

அறையில் ஓர் உயரமான கட்டில், மேலே வெள்ளைத் தாள். டாக்டரம்மா அவள் முழங்காலை வேகமாக மடக்கி நீட்டினார். மறுபடியும் மடக்கினார். முகம் சுருங்கியது.

"எப்பவும் இவ்ளோ லேசாவா இருக்கும்?"

"காலையில அக்கா நீவிவிடுவா. சாயங்காலம் இறுகிடும்" என்றாள் தங்கை.

"இப்ப என் கையில தெரியறதைத்தான்மா எழுத முடியும். மதியம் இன்னொரு குழு பாக்கும். அவங்களும் இதையே சொன்னா அவ்ளோதான்."

வெளியே நடைக்கூடத்தில் அவளை ஓரமாகக் கூட்டிப் போனேன். அவள் காதில் கிசுகிசுத்தேன்: "உள்ள போறப்ப கொஞ்சம் இழுத்து நடடி. மடக்குறப்ப விறைச்சுக்கோ."

என்னையே பார்த்தாள். "இருபத்திமூணு வருஷமா நொண்டுறேன். நடிச்சு நொண்டத் தெரியாதுக்கா."

மதியக் குழுவும் அதையேதான் சொன்னது. தாளில் 'தகுதி இல்லை' என்று முத்திரை குத்தி நீட்டினார்கள். கோச் தலையில் கை வைத்தார். "நீவிவிடறதை என்கிட்ட சொல்லவே இல்லையேம்மா! இன்னிக்கு ஒரு நாள் விட்டிருக்கக் கூடாதா?"

"நீங்க கேட்டீங்களா? ஆறு வருஷத்துல ஒரு தடவை கேட்டீங்களா?" என்று கத்தினேன். கூடமே திரும்பிப் பார்த்தது.

பஸ் நிறுத்தத்தில் ஒரு மணி நேரம் நின்றோம். வெயில் இறங்கியிருந்தது. பஸ் வந்தது; அவள் கம்பியைப் பிடித்து வலது காலைப் படியில் வைக்கப் பார்த்தாள். கால் மடங்கவில்லை. தொடையிலிருந்து பாதம் வரை கட்டையாக விறைத்து நடுங்கியது. கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் போய்விட்டது.

"வந்துடுச்சு பாரு, சனியன்" என்றாள். "இப்ப வருது."

திரும்பிப் பார்த்தேன். எதிரே சோதனை நடந்த கட்டடத்தின் கதவை ஒருவர் பூட்டிக்கொண்டிருந்தார்.

நடைபாதையிலேயே மண்டியிட்டேன். என் கைகள் பாட்டுக்கு அவள் கெண்டைக்காலைப் பிடித்து நீவ ஆரம்பித்தன.

"விடுக்கா" என்று என் கையைத் தட்டிவிட்டாள். "இனிமே இதைத் தொடாதே."