வாயு மறைக்கிறது

கறிக்கடைக்காரர் கட்டிலில் ஏறிப் படுத்ததுமே ஸ்கேன் டாக்டருக்குக் குமட்டியது. காமாலையில் கண்ணெல்லாம் மஞ்சள். சொறிந்து சொறிந்து வயிறெங்கும் பொருக்கு. அதன்மேல் ஜெல்லைப் பிதுக்கிக் கருவியை நகர்த்தினாள்.

“வெறும் வயிறுதானே?”

“பச்சைத் தண்ணி பல்லுல படலம்மா.”

திரையில் பித்தப்பை சுருங்கிக் கிடந்தது. சாப்பிட்ட வயிற்றில்தான் பெரும்பாலும் அப்படிச் சுருங்கும்.

“ஆட்டுப் பித்தப்பையை நான் பார்த்துப் பார்த்து அறுத்து எறியறேன். நீங்க என்னடான்னா அதைப் போய்த் தேடிட்டு இருக்கீங்க!” என்று சிரித்தவர், சிரிப்பு முடியுமுன் வாந்தியெடுத்தார். வெண்ணெய் ரொட்டி, துண்டு துண்டாக, புளித்த சளியோடு அவள் சட்டைக் கையில் வழிந்தது.

“பசி தாங்கலன்னு உயிரை எடுத்தாரும்மா. நான்தான் குடுத்துத் தொலைச்சேன்” என்று கையைப் பிசைந்தாள் அவர் மனைவி.

டாக்டர் மூச்சை அடக்கிக்கொண்டாள். திரையில் பித்தக்குழாயின் அடிமுனையைக் குடல் வாயு மறைத்திருந்தது. அங்கே கல் அடைத்திருந்து, தெரியாமல் வீட்டுக்கு அனுப்பினால், சீழ் பிடித்து ஆளையே கொண்டுபோய்விடும். நிமிர்த்தி உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தால் வாயு விலகலாம். ஆனால் இந்த உடம்பை யார் அணைத்துப் பிடிப்பது? ‘வாயு மறைக்கிறது, தெரியவில்லை’ என்று எழுதிவிட்டால் போதும். பொய்யில்லை. யாரும் குறை சொல்லவும் முடியாது.

கருவியைத் துடைத்து மாட்டப் போனாள்.

“ஏய், என்னை விடு. முதல்ல அந்தம்மா சட்டையைத் தொடச்சு விடு. பாவம், மத்தியானம் சாப்பிட வேணாமா அவங்க?” என்று மனைவியிடம் முனகினார் அவர்.

தாடையில் எச்சில் தொங்க, அவர் கவலைப்பட்டது இவள் சாப்பாட்டுக்கு.

டாக்டர் அவர் வாயைத் துடைத்தாள். முதுகுக்குக் கை கொடுத்து நிமிர்த்தி, தண்ணீரை மடக்கு மடக்காகப் புகட்டினாள். பாரமான தலை அவள் தோளில் சாய்ந்தது. புளித்த மூச்சு கழுத்தில் பட்டுப் பட்டு உடம்பு கூசியது. அப்படியே தாங்கிக்கொண்டு கருவியை வைத்தாள்.

வாயு விலகியிருந்தது. கறுத்த குழாய், அதன் முனையில் வெள்ளையாக ஒரு கல்.

“கல்லு அடைச்சிருக்கு. வீட்டுக்குப் போகக் கூடாது, இன்னிக்கே சேர்ந்துடுங்க. வாய் வழியா குழாய் விட்டே எடுத்துடுவாங்க.”

“கத்தி இல்லாமலா? தொழில் தெரிஞ்சவங்கதான்!”

அவர்கள் போனதும் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். நாற்றம் போகவில்லை. மூக்கைச் சுளித்தபடியே, இந்தக் கையை அந்த முதுகுக்குக் கொடுக்க வைத்த இறைவனுக்கு நன்றி சொன்னாள்.